முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. பர்மிங்காமின் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்களுக்கு மரவேலை தெரியும் இல்லையா? ஒரு சாமானைப் பார்த்து என்ன செய்யலாம்னு சொல்லணும்" என்றார். நாற்காலியாக இருக்கும், மேஜையாக இருக்கும் என்று நினைத்து உப்புத்தாளும் சின்ன உளியும் எடுத்துக்கொண்டு போனேன்.

கராஜில் வேலை மேஜை மேல் ஒரு பழைய கம்பளி. அதை விலக்கினார். துப்பாக்கி.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பயத்தினால் அல்ல. அந்த மழுங்கிய மூக்கை, இரண்டு காது மாதிரி நிற்கும் முன்பார்வைத் தடுப்பை, கீழே பத்துக் குண்டு பிடிக்கும் மேகசினை எனக்கு நன்றாகத் தெரியும். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது இரண்டு வருஷம் என்.சி.சி.யில் இதே ஜாதித் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன். நம் ஊரில் யாரும் அதை லீ-என்ஃபீல்ட் என்று சொல்ல மாட்டார்கள். த்ரீ நாட் த்ரீ. காவல் நிலைய வாசலில் பாரா நிற்கும் கான்ஸ்டபிள் கையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய நாலு கிலோ. அரை மணி நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த நாலு கிலோ என்னவென்று தெரியும்.

"இது சுடாது" என்றார் அவசரமாக. "சர்ட்டிஃபிகேட் இருக்கு."

இருந்தது. 1991ஆம் வருஷத் தேதியோடு, பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் முத்திரையோடு, மடிப்புகள் பழுத்துப்போன ஒரு தாள்.

துப்பாக்கி அவர் கணவருடையது. கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய தாத்தா முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்தவர். தாத்தா வைத்திருந்த மாதிரியே ஒன்று வேண்டும் என்று தேடி, ஒரு ராணுவப் பொருள் சந்தையில் வாங்கியிருக்கிறார். இப்போது இந்த அம்மா வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு டெவனில் இருக்கும் மகள் வீட்டோடு போகப்போகிறார். இதை என்ன செய்வது?

மகள் சொல்கிறார், விற்றுவிடு. மருமகன் சொல்கிறார், முழுசாக விற்றால் காசு வராது, கழற்றி பாகம் பாகமாக விற்றால்தான் லாபம். இந்த அம்மாவுக்கு மட்டும் வேறு ஆசை. கணவர் இதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சாமான் சேர்த்துக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. "நீங்க முடிச்சுத் தர முடியுமா?"

ஆறு வாரம் இதே யோசனையாக இருந்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில், செயலிழக்கச் செய்த துப்பாக்கி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வாசகர்களுக்கு இது பழக்கமில்லாத சங்கதி. 1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்கு அடுத்த வருஷம் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினார்கள். அந்த 1988 சட்டத்திலேயே இன்னொரு வழியும் வைத்தார்கள். ஒரு துப்பாக்கியை இனி எப்போதும் சுட முடியாதபடி கெடுத்து, லண்டன் அல்லது பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் அதைச் சோதித்து முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி அல்ல. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தினால் ஏற்பட்டது. துப்பாக்கிக் குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதிக்க ஏற்படுத்திய இடம், துப்பாக்கி செத்துவிட்டதா என்றும் சான்று சொல்ல ஆரம்பித்தது.

இந்த அம்மாவின் துப்பாக்கி அந்த முதல் கால விதிப்படி கெடுத்தது. குழலை அடிப்பக்கம் நீளமாக வெட்டி, உள்ளே எஃகு வைத்து வெல்ட் பண்ணியிருக்கிறார்கள். போல்ட்டின் முகத்தைச் சாய்வாகச் சீவி எடுத்துவிட்டார்கள். மரத்துக்கு அடியில் இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் போல்ட் இன்னும் நகரும். கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கலாம். லீ-என்ஃபீல்டின் போல்ட் ஓட்டம் வேறு எந்தத் துப்பாக்கிக்கும் வராது. வெண்ணெயில் கத்தி போவது போல் போய், கடைசியில் சடக்கென்று உட்காரும்.

நான் ஒருமுறை இழுத்துத் தள்ளினேன். அந்த அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். "டி.வி. பார்க்கும்போது அவர் மடியில வச்சுக்கிட்டு இதையேதான் செஞ்சுக்கிட்டு இருப்பார். நிறுத்துங்கன்னு திட்டுவேன்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் டீ போட உள்ளே போய்விட்டார்.

விற்பதைப் பற்றி முதலில் விசாரித்தேன், அதுதான் சுலபமான வழி என்று நினைத்து. படமும் சான்றிதழ் நகலும் எடுத்துக்கொண்டு ஒரு பழைய ஆயுத வியாபாரியிடம் போனேன். தேதியைப் பார்த்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை நான் வாங்கவும் முடியாது, அவங்க விற்கவும் முடியாது."

காரணம் இதுதான். 2015 ஜனவரியில் பாரிஸில் நடந்த கொலைகளில், சரியாகச் செயலிழக்கச் செய்யாத துப்பாக்கிகளை மீண்டும் உயிர்ப்பித்துப் பயன்படுத்தியது தெரியவந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே ஐரோப்பிய ஒன்றியம் ஒரே கடுமையான விதியைக் கொண்டுவந்தது. 2016 ஏப்ரல் 8 முதல் அது அமலுக்கு வந்தது. பிரிட்டன் 2017இல் தன் சட்டத்தைத் திருத்தி, புதிய விதிக்கு ஒத்துவராத பழைய துப்பாக்கிகளை விற்பதையும் அன்பளிப்பாகக் கொடுப்பதையும் குற்றம் ஆக்கியது. ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த விதியை விடவில்லை. வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், தவறில்லை. இன்னொருவர் கைக்கு விற்பனையாகவோ பரிசாகவோ போகக் கூடாது.

இது தெரிந்தபோது எனக்கு வேறொன்றும் உறைத்தது. முதல் நாள் நான் கிளம்பும்போது அந்த அம்மா, "பேசாம இதை நீங்களே வச்சுக்குங்களேன், உங்ககிட்ட இருந்தா அவருக்கும் சந்தோஷமா இருக்கும்" என்று சொல்லியிருந்தார். மனம் ஆசைப்பட்டது உண்மை. "யோசிப்போம் அம்மா" என்று வந்துவிட்டேன். வாங்கியிருந்தால், அன்போடு கொடுத்த குற்றத்துக்கு எண்பத்திரண்டு வயதில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கும் சரி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சரி, சொல்கிறேன்: தாத்தா வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் முதல் வேலையாகச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். சான்றிதழே இல்லை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். போலீசுக்குப் போன் செய்யுங்கள், அவர்களே வந்து பார்ப்பார்கள்.

விற்றே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்து, புதிய விதிப்படி மறுபடி செயலிழக்கச் செய்து, ப்ரூஃப் ஹவுஸில் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்குபவர் விவரத்தை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் புதிய விதியில் போல்ட்டை மூடிய நிலையில் வெல்ட் பண்ணிவிடுவார்கள். மேகசின் அசையாது. ட்ரிகர் அசையாது. பார்வைக்கு அதே துப்பாக்கி. தொட்டால் ஒரே இரும்புத் துண்டு.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பாரிஸில் செத்தவர்களின் குடும்பத்துக்கு முன்னால் நின்று என் போல்ட் ஓட்டத்தைப் பற்றி யாரும் புலம்ப முடியாது. ஆனால் விற்பது என்றால் என்ன விலை கொடுக்கிறோம் என்று அந்த அம்மாவிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். "அப்போ அந்தச் சத்தம் வராதா?" என்று கேட்டார். வராது என்றேன். விற்கும் பேச்சு எனக்குத் தெரிந்து அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மகளிடம் காரணத்தோடு பேச வேண்டும் என்பதால், மற்ற இரண்டையும் ஒழுங்காகப் பார்ப்போம் என்றார்.

மருமகன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாகம் பாகமாகப் பிரித்து விற்பது என்றதும் பழைய துப்பாக்கிப் பிரியர்கள் பலர் கோவிலை இடித்துக் கல் விற்பதுபோல் பதறுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பிரிக்கிற ஒரு வண்டியால் எத்தனை வண்டி மறுபடி ரோட்டில் ஓடுகிறது! இங்கேயும் அதே நியாயம் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லீ-என்ஃபீல்டுகள் மலை மலையாக உபரியாக வந்தன. அவற்றை வாங்கி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றி விற்றார்கள். இதே பர்மிங்காமில் பார்க்கர்-ஹேல் கம்பெனி அதைப் பெரிய தொழிலாகவே செய்தது. வேட்டைக்கு எடை குறைய வேண்டும், அழகாக இருக்க வேண்டும். அதனால் குழலை மூக்கு வரைக்கும் மூடியிருக்கும் நீளமான முன்கட்டையைப் பாதியில் அறுத்தார்கள். மேல்மூடி மரத்தையும் பயனெட் மாட்டும் மூக்குத் தொப்பியையும் தூக்கி எறிந்தார்கள். அன்றைக்கு அவை குப்பை. இன்றைக்கு அப்படி வெட்டுப்பட்ட துப்பாக்கிகளை உரிமத்தோடு வைத்திருக்கும் ஆட்கள், பழைய உருவத்துக்குக் கொண்டுவர முழு நீள மரத்தைத் தேடி அலைகிறார்கள். நல்ல வால்நட் முன்கட்டை கிடைத்தால் யோசிக்காமல் காசை எடுத்து வைப்பார்கள்.

மரம், மூக்குத் தொப்பி, பின்பார்வை, பித்தளைப் பின்தகடு, ட்ரிகர் காப்பு, வார் மாட்டும் வளையங்கள், இதையெல்லாம் விற்கத் தடை இல்லை. குழல், உடல், போல்ட் இந்த மூன்றும்தான் சட்டம் கண் வைத்திருக்கும் பாகங்கள். இவை முத்திரை குத்திச் சான்றிதழ் பெற்றது ஒரே பொருளாக. அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆக, பிரித்து விற்றால் சதையெல்லாம் போய், யாருக்கும் கொடுக்கவும் முடியாத எலும்பு இந்த அம்மாவிடமே நிற்கும். மருமகனுக்கு இந்தப் பக்கம் தெரியாது. நான் சொன்னதும் புரிந்துகொண்டார், நல்ல மனிதர்.

எப்போது பிரிக்கலாம் என்றால், எண்கள் ஒன்றோடொன்று சேராத, நாலு துப்பாக்கியின் பாகங்களை ஒன்றாக மாட்டிய, உடல் துருப்பிடித்து அரித்துப்போன ஒன்றாக இருந்தால் நானே திருப்புளியை எடுத்துக் கொடுத்திருப்பேன். அதில் இருக்கும் நல்ல மரம் இன்னொன்றில் உட்காரட்டும். அது தெரிய, எண்களைப் பார்க்க வேண்டும். இந்தத் துப்பாக்கியில் ஒரே வரிசை எண்ணை உடலில், குழலில், போல்ட் கைப்பிடிக்குப் பின்னால், பின்பார்வையில், மூக்குத் தொப்பியில், முன்கட்டையின் அடியில் என்று பல இடங்களில் அடித்திருப்பார்கள். குடும்ப அட்டையில் பேர் சரிபார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

அந்தச் சரிபார்ப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருடைய கராஜிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன். துப்பாக்கியை ஒரு நாளும் வேலி தாண்டி என் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கணவர் விட்டுப்போன அட்டைப் பெட்டியையும் அந்த அம்மா கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. செய்ய வேண்டிய வேலைகளை நுணுக்கமான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். முன்கட்டையை மாற்ற வேண்டும், பின்கட்டையின் நிறத்தோடு சேரவில்லை. கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். பின்கட்டையில் அடித்திருக்கும் எண்ணைத் தேய்த்து அழிக்க வேண்டும். மேகசினை அடைக்கும் கட்-ஆஃப் தகடும் தொலைதூரத்துக்கான பக்கவாட்டுப் பார்வையும் பொருத்த வேண்டும். முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: முன்கட்டையில் எவனோ ஒரு முட்டாள் குறுக்கே ஸ்க்ரூ அடித்திருக்கிறான்.

பெட்டிக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, அந்த மாற்றுக் கட்டையும் இருந்தது. கருஞ்சிவப்பு வால்நட். விரிசல் இல்லை. பழைய ஆளிவிதை எண்ணெய் வாசம். எவ்வளவு தேடி வாங்கியிருப்பார்!

துப்பாக்கியைத் திருப்பி இடது கையை முன்கட்டைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். மேகசினுக்குச் சற்று முன்னால், விரல் நுனியில் அந்த ஸ்க்ரூவின் தலை தட்டுப்பட்டது. கை உடனே கண்டுகொண்டது. திருச்சி மைதானத்தில் நாங்கள் தூக்கிய அத்தனையிலும் இந்தத் திருகாணி இதே இடத்தில் இருந்தது. வெயிலில் அது மட்டும் சுடும்.

இது முட்டாள் அடித்த ஸ்க்ரூ அல்ல. இதற்குப் பெயரே இஷாபூர் ஸ்க்ரூ.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்திலேயே லீ-என்ஃபீல்ட் செய்தார்கள். பிரிட்டன் வேறு மாடலுக்குப் போய், பிறகு போல்ட் துப்பாக்கியையே கைவிட்ட பின்னும் இஷாபூர் இதே பழைய உருவத்தை விடவில்லை. 1960களில் 7.62 குண்டுக்கு மாற்றியும் செய்தது. புதியது செய்வதோடு, ராணுவத்திடமிருந்து தேய்ந்து வந்தவற்றைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவதும் அதன் வேலை. இந்தத் துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைக்கிற அத்தனை விசையும் முன்கட்டையின் பின்பகுதியில் இரண்டு சின்ன மர முகங்களில் போய் விழும். குளிர்நாட்டு மரம் இந்திய வெயிலில் காய்ந்து சுருங்கி, மழைக்காலத்தில் ஊறி, மறுபடி காய்ந்தால் பிளக்கத் தொடங்கும். அதைப் பிளக்காமல் இழுத்துப் பிடிக்க, குறுக்கே ஒரு திருகாணி. தச்சன் கதவுச் சட்டத்தில் ஆப்பு அடிக்கிற அதே புத்தி. சின்ன யோசனை, பல லட்சம் கைகளில் போகும் பொருளுக்குச் சரியான யோசனை.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். உடலின் பக்கத்தில் கிரீடம், கீழே மன்னர் ஜார்ஜின் எழுத்துகள், பி.எஸ்.ஏ., 1917, மார்க் மூன்று நட்சத்திரம். நாங்கள் இருக்கும் தெருவிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் ஸ்மால் ஹீத். அங்கே பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் பிறந்த துப்பாக்கி. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்தத் தொழிற்சாலை இடிந்து 53 தொழிலாளர்கள் செத்தார்கள். கறுப்புப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில், உடலின் மேல்வளைவில், இன்னும் மூன்று எழுத்துகள்: ஆர்.எஃப்.ஐ. ரைபிள் ஃபேக்டரி இஷாபூர். போல்ட்டில் ஒரு பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, உடலின் எண்ணைப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். இந்தியாவில் பழுது பார்த்தபோது நடந்த வேலை இது. முன்கட்டை வேறு மரம், அழுத்தமான நார், வால்நட் இல்லை. அதன் அடியிலும் அதே எண். பின்கட்டையில் அழிக்க நினைத்த எண், ஆயுதக் கிடங்கில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று குத்திய எண். அந்தக் கறுப்புப் பெயின்ட், ஈரத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது.

பர்மிங்காமில் பிறந்து, வங்காளத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, மறுபடி பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்த துப்பாக்கி. கணவர் குறை என்று எழுதிய ஒவ்வொன்றும் அந்தப் பயணத்தின் தடம்.

இங்கேதான் "பழையபடி ஆக்குவது" என்ற சொல் என்னைத் தடுத்தது. எந்தப் பழையபடி? 1917இல் ஸ்மால் ஹீத் வாசலைத் தாண்டியபோது இருந்தபடியா? அதற்கு இஷாபூர் கட்டையைக் கழற்ற வேண்டும், பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும், எண்ணை அழிக்க வேண்டும். 1917 என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பொருள் கிடைக்கும். ஆனால் 1917இல் இல்லாத பளபளப்போடு. அந்தக் கட்-ஆஃப் தகடும் பக்கவாட்டுப் பார்வையும் இன்னும் மோசம். போர் நடுவில் வேகமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக அவற்றை விட்டுவிட்டதால்தான் பெயருக்குப் பின்னால் அந்த நட்சத்திரமே வந்தது. அழகாக இருக்கிறது என்று பலர் அவற்றைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் அந்த வருஷத்தில் ஒருபோதும் இல்லாத ஒரு துப்பாக்கியைச் செய்கிறோம்.

நான் மேஜை நாற்காலிகளைப் புதுப்பித்துப் பழகியவன். உடைந்த காலை மாற்றலாம், ஆடுகிற மூட்டை இறுக்கலாம். ஆனால் ஒரு பாட்டி தினமும் கை வைத்துத் தேய்ந்த இடத்தை நிரப்பி வார்னிஷ் அடிப்பதை நான் செய்ததில்லை. இந்தியச் சிப்பாய்கள் பிடித்துப் பிடித்து அந்த முன்கட்டையின் இரு பக்கமும் கன்னம் மாதிரி வழுவழுப்பாகியிருக்கிறது. அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரோ இங்கிலாந்துக்காரர் பிடித்த மரத்தை மாட்டி, இதுதான் அசல் என்று சொல்ல என் வாய் வராது. நான் தமிழன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கணவரும் தன் தாத்தாவின் கையைத்தானே தேடினார்? ஒரு கையைத் தேடுகிறவர் இன்னொரு கையை அழிக்கச் சம்மதிப்பாரா?

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். கணவரின் முப்பது வருஷ ஆசையைத் தப்பு என்று சொல்கிறோமே. பிறகு ஒரு மாலை போய், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து விரலை அந்த ஸ்க்ரூவின் மேல் வைத்தேன். இஷாபூர் கதை, திருச்சி மைதானம், எல்லாம் சொன்னேன். அவர் வெகு நேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இது தெரிஞ்சிருந்தா உங்களைத் தூங்க விட்டிருக்க மாட்டார். ராத்திரி முழுக்கக் கேள்வி கேட்டிருப்பார்" என்றார்.

ஆக, முடிவு இப்படி ஆயிற்று. விற்பதில்லை. பிரிப்பதில்லை. 1917 ஆக்குவதில்லை. அவரே வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கொண்டுபோவது. நான் செய்ய வேண்டியது, இருப்பது கெடாமல் பார்ப்பது.

அந்த வேலையைப் பற்றி நாலு வார்த்தை, செய்ய நினைப்பவர்களுக்காக. உப்புத்தாளைத் தொடவே இல்லை. மரத்தில் குத்திய முத்திரைகள் காகிதக் கனம்தான், இரண்டு இழுப்பில் போய்விடும். மெல்லிய துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு அழுக்கை மட்டும் எடுத்தேன். பின்கட்டையில் ஒரு பள்ளம், கணவர் காலத்தில் கீழே விழுந்தது, இந்த அம்மாவே சொன்னார். ஈரத் துணியை மடித்து வைத்து அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி நுனியை நாலைந்து நொடி வைத்தால் அமுங்கிய நார் ஆவியில் ஊதி எழும்பும். முக்கால்வாசி எழும்பியது, அதோடு விட்டுவிட்டேன். பிறகு பச்சை ஆளிவிதை எண்ணெய். சிப்பாய்கள் பூசியதும் அதுதான். சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில் விட்டுச் சூடு வரத் தேய்த்து, மீதியைத் துடைத்து, ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி. நாலு முறை போதும். பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்த துப்பாக்கிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், மரத்துக்கு மூச்சு முட்டியது போல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும், குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டு விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் எறிய வேண்டும்.

இரும்பில் துரு இருந்த இடங்களில் மட்டும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும். பெயின்ட் உதிராத இடத்தைத் தொடவில்லை. ப்ரூஃப் ஹவுஸ் முத்திரை இருக்கும் இடங்களை எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்ததோடு சரி. முத்திரை மங்கினால் சான்றிதழ் வெறும் தாள். பித்தளைப் பின்தகட்டின் சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ப் புட்டியும், குழல் துடைக்கும் கயிறும் இருந்தன. பித்தளையை மினுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

பெட்டியில் இருந்த அந்த வால்நட் கட்டைக்கு மட்டும் வேறு விதி. அதற்கு இந்தத் துப்பாக்கியில் இடமில்லை, சும்மா கிடப்பதிலும் அர்த்தமில்லை. 1918இல் செய்த துப்பாக்கி ஒன்றை உரிமத்தோடு வைத்திருக்கும் ஒருவர், யாரோ வேட்டைக்காக முன்கட்டையை அறுத்துவிட்டதால் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு விற்றோம். மருமகன் விரும்பியபடி கொஞ்சம் காசும் வந்தது. அந்தக் கட்-ஆஃப் தகட்டை அவர் கேட்டார். அவர் துப்பாக்கிக்கும் அது பொருந்தாத காலம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அது பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் படம் அனுப்பியிருந்தார். மூக்கு வரை மரம் மூடி, முழு உருவத்தோடு நின்றது.

மார்ச் கடைசியில் வண்டி வந்தது. அதற்கு முந்தின இரவு துப்பாக்கியைப் பூட்டு உள்ள உறையில் வைத்து, 1991 சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பக்கத்தில் செருகினேன். அந்த அம்மா கணவரின் நோட்டையும் பேனாவையும் நீட்டினார். "இதுல எழுதிடுங்க, நாளைக்கு என் பேரன் பார்க்கும்போது தெரியணும்."

முதல் வரிக்குப் பக்கத்தில், அவருடைய அந்தக் குறிப்பை அடிக்காமல், கீழே சின்னதாக எழுதினேன்: இது இஷாபூர் ஸ்க்ரூ. இந்தியாவில் போட்டது. மரம் பிளக்காமல் இருக்க. கழற்றக் கூடாது.

படித்துப் பார்த்தார். நோட்டைச் சான்றிதழோடு அதே கவரில் வைத்தார். உறையை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை போல்ட்டை இழுத்துத் தள்ளச் சொன்னார். தள்ளினேன்.